பொட்டு வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போகிற லேப்டாப்புகள்

லேப்டாப் விற்கிற தொழிலில் லேப்டாப்பைப் பற்றித் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. வாங்க வந்திருக்கிற குடும்பத்தில் யார் பேச்சு எடுபடும் என்பதை அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் கண்டுபிடித்துவிட வேண்டும். ஆமாம், எங்கள் கடைக்குள் பலர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ளே படிப்பு சம்பந்தப்பட்ட சாமான் என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கால் தானாகச் செருப்பை விட்டுவிடும்.

துணிக்கடை, மருந்துக்கடை, பாத்திரக்கடை என்று ஏதாவது ஒரு கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும். என் பெயர் கலா. அம்பத்தூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். பின்னால் பலகைத் தடுப்பு போட்ட சின்ன அறையில் இர்ஃபான் பாய் சர்வீஸ் பார்க்கிறார். முதலாளி காலையில் வந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போனால் சாயந்திரம்தான் தலை காட்டுவார்.

பிளஸ் டூ ரிசல்ட் வருவதிலிருந்து கல்லூரி திறந்து சில வாரம் வரைக்கும் எங்களுக்குச் சீசன். அந்தச் சீசனில் நான் பட்ட பாட்டில் கொஞ்சத்தைச் சொல்கிறேன். பாடு என்று சொல்கிறேனே தவிர, யோசித்துப் பார்த்தால் நான் கொடுத்ததைவிட எனக்குக் கிடைத்ததுதான் அதிகம்.

மாமா வரட்டும்

எல்லாக் குடும்பத்திலும் கம்ப்யூட்டர் தெரிந்த மாமா ஒருவர் இருப்பார். அவரைக் கேட்காமல் வியாபாரம் முடியாது. நேரில் வந்தால் பாதித் தொல்லை, ஃபோனில் வந்தால் முழுத் தொல்லை. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு மாமா துபாயில் இருந்தார். நான் ஒரு நல்ல லேப்டாப்பைக் கையில் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கரில் அவர் குரல் கடை முழுக்கக் கேட்டது. கடைக்காரர்கள் முதலில் காட்டுவது விற்காத சரக்கு, அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள் என்றார். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நானும் என் கையைத்தான் பார்த்தேன்.

சரி, இதுதான் ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நானும் தேறிவிட்டேன். அடுத்து வந்த குடும்பத்துக்கு, பையனுக்குப் பொருத்தமானதை இரண்டாவதாகக் காட்டுவது என்று முடிவு கட்டி, முதலில் சும்மா ஒப்புக்கு ஒரு கனமான மாடலை எடுத்து வைத்தேன். விளையாட்டுப் பிரியர்களுக்கான லேப்டாப் அது. அழுத்தினால் விசைகளெல்லாம் கலர் கலராக எரியும். பையனின் அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இது தோளைப் பிடுங்கும், சார்ஜ் நிற்காது, வகுப்பில் வைத்தால் மின்விசிறி சத்தம் போடும் என்று என் சரக்கை நானே குறை சொல்லி அரை மணி நேரம் வாதாடினேன். பையன் மட்டும் எந்தப் பக்கமும் பேசாமல், முகத்தில் சொர்க்கத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தான். கடைசியில் அந்த அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“மொதல்ல கைக்கு வந்தத மாத்தக் கூடாதும்மா, அதான் எங்க ஊட்டுப் பழக்கம்.”

தாள் பரீட்சை

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருகிறவர்கள் தனி ரகம். ராணுவத்துக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் வேலை; சொந்த ஊர் ஒருவருக்கு மதுரை, ஒருவருக்குத் தஞ்சாவூர், ஒருவருக்குத் திருநெல்வேலி. ஒருவர் வீட்டுப் பிள்ளைக்கு லேப்டாப் என்றால் செக்‌ஷனே ஷிப்ட் முடிந்து நேராகக் கடைக்கு வந்து நிற்கும். அப்படி வந்தவர்களில் முத்தையா சார் என்ற திருநெல்வேலிக்காரரை நான் மறக்க மாட்டேன். தொழிற்சாலையில் அவருக்குச் சோதனைப் பிரிவில் வேலை. விலை கேட்கவில்லை, வேகம் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து, மூடியிருந்த லேப்டாப்பின் விளிம்பில் நுழைத்துப் பார்த்தார். “இந்தப் பக்கம் தாள் போவுது, அந்தப் பக்கம் போவ மாட்டேங்கு” என்று தள்ளி வைத்துவிட்டார்.

நான் இன்னொரு பெட்டியைப் பிரித்தேன். அதுவும் தேறவில்லை. இன்னொன்றைப் பிரித்தேன். முடி அளவு இடைவெளியால் ஒன்றும் ஆகாது என்று இர்ஃபான் பாய் உள்ளேயிருந்து வந்து சொல்லிப் பார்த்தார். சார் கேட்டுக்கொண்டார், ஆனால் டிக்கெட்டைப் பையில் வைக்கவில்லை. மனசுக்குள் நான் அவரை என்னென்னவோ திட்டினேன். ஒருவழியாக ஒரு லேப்டாப்பில் இரண்டு பக்கமும் தாள் ஒரே மாதிரி நுழைந்தது. அதைத் தடவிக் கொடுத்து வாங்கிப் போனார். பிறகு அந்தச் சீசன் முழுக்கக் குவார்ட்டர்ஸிலிருந்து ஆள் வந்துகொண்டே இருந்தார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுத் தாளோடு. அவர் போய்ச் சொல்லியிருக்காவிட்டால் அவர்கள் யாரும் எங்கள் கடைப் படி ஏறியிருக்க மாட்டார்கள். திட்டினதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டேன். இப்போது எந்த லேப்டாப் கடையை விட்டுப் போனாலும் நானே ஒரு தாளை நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன், பழக்கமாகிவிட்டது.

அன்றைக்குப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது, முத்தையா சாரின் மகன் என்னைப் பார்க்கவே கூச்சப்பட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தான். போகும்போது மட்டும் பக்கத்தில் வந்து ஆறுதல் சொன்னான்.

“விடுங்கக்கா, எங்க வீட்டு பீரோவையே அப்பா மூணு வாட்டி திருப்பி அனுப்புனவரு.”

நெற்றி எங்கே இருக்கிறது?

எங்கள் கடையில் கார்டு தேய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு குங்குமச் சிமிழும், சந்தனம் குழைக்க ஒரு கிண்ணமும் இருக்கும். வண்டி வாங்கினால் பொட்டு, ஃபிரிட்ஜ் வாங்கினால் பொட்டு. லேப்டாப் மட்டும் என்ன பாவம் செய்தது? சிலர் எலுமிச்சம்பழமும் கொண்டுவருவார்கள். சக்கரம் இல்லாத சாமானுக்கு அதை எங்கே வைத்து நசுக்குவது என்று குழம்பி, கடைசியில் லேப்டாப் பையின் முன்பக்க ஜிப்பில் போட்டுக்கொண்டு போவார்கள்.

ஒருநாள் சென்னீர்குப்பத்திலிருந்து ஒரு அம்மா, பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவது போல லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மகன் வீட்டிலிருந்தபடி வகுப்பில் உட்காரும்போது படம் கறுப்பாக வருகிறதாம், முகத்தைக் காட்டாதவன் வகுப்புக்கே வரவில்லை என்று வாத்தியார் எழுதிவிடுகிறாராம். எங்கள் கடையை, கம்பெனியை, என்னை எல்லாம் ஒரு சுற்றுத் திட்டித் தீர்த்தார். இர்ஃபான் பாய் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்து, திரைக்கு மேலே நடுவில் மெதுவாகத் துடைத்தார். பஞ்சு சிவப்பாக வந்தது. வீட்டுக்குப் போனதும் அந்த அம்மா தன் கையால் லேப்டாப்பைத் திறந்துவைத்து, மேலே நட்டநடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் தாராளமாகக் குங்குமமும் வைத்திருக்கிறார். கேமரா இருக்கிற இடம் அதுதான்.

அன்றிலிருந்து பொட்டு வைக்கிற பொறுப்பை இர்ஃபான் பாய் எடுத்துக்கொண்டார். காற்று போகிற ஓட்டை எது, விசை எது, கேமரா எது என்று அவருக்குத்தானே தெரியும்? மூடியின் வெளிப்பக்கம், ஓரமாக, மோதிர விரலால் அளவாக வைப்பார். பாய் கையால் பொட்டு வைத்தால் ரிப்பேர் வராது என்று இப்போது ஊரில் ஒரு பேச்சே இருக்கிறது. ஆனால் அந்தச் சென்னீர்குப்பத்து அம்மா போகும்போது ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போனார்.

“நெத்தின்னா நடுவுலதான வெப்பாங்க? அங்க கொண்டுபோயி கண்ண வெச்சவன் யாரு?”

யாரும் தூக்கிப்போக முடியாதது

ஏகாம்பரம் அண்ணன் எங்களுக்குப் புதியவர் இல்லை. கடைக்குக் கேன் தண்ணீர் போடுகிறவர் அவர்தான். மேனாம்பேட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற குடும்பம். நெல் விளைந்த நிலத்தில் இப்போது தெருக்கள் இருக்கின்றன. மீதி இருக்கிற இடத்தில் தண்ணீர்க் கம்பெனி வைத்து, குட்டியானை வண்டிகளில் கேன் ஏற்றி அனுப்புகிறார். போன சீசனில் ஒரு வியாழக்கிழமை, மகள் பவித்ராவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வேண்டும், டெஸ்க்டாப் காட்டு என்றார். இந்தக் காலத்தில் கல்லூரிப் பிள்ளைக்கு யார் டெஸ்க்டாப் வாங்குகிறார்கள் என்று நான் நாலு லேப்டாப்பை வரிசையாகத் திறந்து வைத்தேன். அவர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே பஸ்காரர் ஹாரன் அடித்ததால் வண்டியைத் தள்ளி நிறுத்தப் போனார். அந்த இடைவெளியில் பவித்ரா மடமடவென்று சொல்லி முடித்தாள். அவளுக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருந்தது. ஒன்று பூந்தமல்லிப் பக்கம், கம்ப்யூட்டர் படிப்பு. காலேஜ் பஸ் தெருமுனைக்கே வரும். இன்னொன்று கோயம்புத்தூரில், விவசாயப் படிப்பு, ஹாஸ்டல். அவள் ஆசைப்பட்டது இரண்டாவது. திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும். அம்மாவுக்குச் சம்மதம். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. இன்றைக்குக் காலையில் கம்ப்யூட்டர் வாங்கலாம் வா என்று கூட்டி வந்துவிட்டார். அவர் எதை வாங்குகிறாரோ அதுதான் அவருடைய பதில் என்றாள். டெஸ்க்டாப் வாங்கினால் வீடு, லேப்டாப் வாங்கினால் கோயம்புத்தூர். சொல்லி முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. அப்பா வருவதைப் பார்த்ததும் மவுஸ் பேடுகளைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டாள்.

நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். லேப்டாப் என்றால் எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் அண்ணா என்றேன். அதுதானே அவருக்கு ஆகாத விஷயம்? பாட்டன் பூட்டன் எல்லாம் சேற்றில் நின்று செய்ததை இவள் ஊர்விட்டு ஊர் போய்ப் படிக்க வேண்டுமாம் என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். குரலில் கோபம் இல்லை. “நாங்க எங்கயும் போனதில்லம்மா. மெட்ராஸ்தான் எங்க ஊட்டாண்ட வந்துச்சி” என்றார். அது உண்மைதான். சனிக்கிழமை தயாராக இருக்கும் என்று டெஸ்க்டாப்புக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டேன். பவித்ரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மானிட்டர் எந்த அளவில் வேண்டும் என்று கடைசியாகக் கேட்டேன்.

“பெர்சா ஒண்ணு காட்டும்மா. யாரும் தூக்கினு போவ முடியாத மாரி இருக்கணும்.”

டிபன் பாக்ஸ்

மறுநாள் வெள்ளிக்கிழமை. பவித்ராவின் முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. தடுப்புக்குப் பின்னால் இர்ஃபான் பாய் அவளுடைய டெஸ்க்டாப்பைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்த சத்தம் வேறு. அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா மகனோடு வந்தார். நான் லேப்டாப்பின் பெருமைகளைச் சொல்லச் சொல்ல அவர் தலையை மட்டும் ஆட்டினார். முடித்ததும், இதோடு கொடுக்கிற இலவசப் பையைக் காட்டு என்றார். தன் கைப்பையிலிருந்து ஒரு மூன்றடுக்கு டிபன் பாக்ஸை எடுத்து, லேப்டாப்புக்குப் பக்கத்தில் அதைப் பைக்குள் நிறுத்தி, தோளில் மாட்டி, கடைக்குள் ஒரு நடை நடந்து பார்த்தார். டிபன் பாக்ஸ் சாய்ந்தது. வேறு கம்பெனிப் பை கேட்டார். அதில் நின்றது. அந்தப் பை எந்த லேப்டாப்புக்கு வருகிறதோ அதையே வாங்கிக்கொண்டார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அந்த வெள்ளிக்கிழமை நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான், அதற்காக அவருக்கு நன்றி.

“லேப்டாப்பு எதுனா இருக்கட்டும்மா, கொழம்பு ஊத்தாம இருந்தா சரி.”

சாப்ட்டியா?

சனிக்கிழமை காலை ஏகாம்பரம் அண்ணன் குட்டியானையோடு வந்தார். டெஸ்க்டாப் இடிபடாமல் இருக்க வண்டியில் ஒரு பழைய மெத்தையைப் போட்டு, கட்டுவதற்குக் கயிறும் கொண்டுவந்திருந்தார். கூடவே பவித்ரா. இரண்டு நாளில் முகம் வாடிப் போயிருந்தது. வழியில் இருக்கிற டிபன் கடையில் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். இர்ஃபான் பாய் டெஸ்க்டாப்பை முன் மேஜையில் வைத்து ஓட்டிக் காட்டினார். அண்ணனுக்குத் திருப்தி. பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். பகல் முழுக்க வண்டியோடு வெளியே சுற்றுகிறவர் அவர். வீட்டில் இவள் படிக்கும்போது ஃபோனில் இவள் முகத்தைப் பார்க்க முடியுமா என்றார்.

இந்தப் பெட்டியில் கேமரா இல்லை, தனியாக வாங்கி மாட்டலாம், எப்படித் தெரியும் என்று காட்டுகிறேன் என்றார் பாய். கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து, திரைக்கு மேலே இருக்கிற கேமராவை அண்ணனுக்குத் தொட்டுக் காட்டிவிட்டுப் பவித்ராவிடம் கொடுத்து, தடுப்புக்குப் பின்னால் போய் உட்காரச் சொன்னார். அங்கிருந்து அப்பாவின் ஃபோனுக்கு வீடியோவில் கூப்பிட வைத்தார். அண்ணன் கையிலிருந்த ஃபோனில் மகள் முகம் வந்தது. இடையில் இருந்தது ஒரு பலகை. அவர் ஃபோனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, “சாப்ட்டியாம்மா?” என்றார். “சாப்ட்டேன் நைனா. நீ?” என்றாள் அவள். ஒரே மேஜையில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள்! நானும் பாயும் சிரித்துவிட்டோம். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

பிறகு அவள் சொன்னாள், “நைனா, நான் கோயம்புத்தூருக்குப் போறேன். தெனம் இப்டி வருவேன்.” அவள் குரல் தடுப்புக்கு மேலே ஒருமுறையும், ஒரு நொடி தள்ளி ஃபோனில் ஒருமுறையுமாக எங்களுக்குக் கேட்டது. நேருக்கு நேர் நின்று அவளால் சொல்ல முடியாமல் போன வார்த்தை அது. அண்ணன் தடுப்புப் பக்கம் திரும்பவில்லை. ஃபோனைப் பார்த்தேதான் பேசினார். அந்த ஹாஸ்டலில் என்ன சாப்பாடு போடுவார்கள், ராத்திரி கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், ரயிலில் வந்தால் அம்பத்தூரில் நிற்குமா, பெரம்பூரில் இறங்கி மாற வேண்டுமா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். வீட்டில் இத்தனை நாளாக அவர் கேட்காமல் மனசில் அடக்கி வைத்திருந்த கேள்விகள். அவள் ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள், எல்லாவற்றையும் முன்பே விசாரித்து வைத்திருந்தாள். சார்ஜர் வாங்க வந்திருந்த இரண்டு பேர்கூட வாங்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேள்விகள் தீர்ந்ததும் அண்ணன் தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஐந்தாறு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் இருக்கிற மகளிடம் ஃபோனில் சொன்னார்.

“சரி, வையி. நேர்ல வா, பேசலாம்.”

கண்ணை மறைக்காமல்

பவித்ரா வந்து நின்றாள். அண்ணன் என் பக்கம் திரும்பி, இருப்பதிலேயே கனம் குறைந்த லேப்டாப் எது என்று கேட்டார். அவ்வளவுதான். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வீங்கின காலோடு ஸ்டாக் ரூமுக்கு ஓடினேன். பெட்டியைப் பிரித்து, முத்தையா சாரை மனசில் நினைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் தாளை நுழைத்துப் பார்த்தேன். தேறியது. பவித்ரா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக அவள் எனக்கு நன்றி சொன்னாள். நான் என்ன செய்தேன்? லேப்டாப்பைக் கொடுத்தது பாய், பேசியது அவள், கேட்டது அவள் அப்பா. நான் சும்மா நின்றிருந்தேன். அந்த நேரத்தில் அந்த இடத்தில் நிற்கக் கிடைத்ததற்கு நான்தான் யாருக்காவது நன்றி சொல்லியிருக்க வேண்டும். பிறகு சொன்னேன், முதலாளி ஊதுவத்தி காட்டுகிற சாமியிடம்.

பூட்டி முடித்த டெஸ்க்டாப்பை என்ன செய்வது என்று நான் தயங்கினேன். அது எங்கள் கம்பெனி ஆபீசில் இருக்கட்டும், அதுதான் எங்கேயும் போகாது என்று சொல்லி, அதையும் மெத்தையில் படுக்கவைத்துக் கயிறு கட்டினார் அண்ணன். சாயந்திரம் இதைக் கேட்ட முதலாளி, ஒரு பிள்ளைக்கு இரண்டு கம்ப்யூட்டர் விற்ற திறமைசாலி என்று என்னை மெச்சினார். நான் மறுக்கவில்லை.

புறப்படும் முன் பொட்டு வைக்க வேண்டுமே. இர்ஃபான் பாய் சந்தனம் குழைத்து, மோதிர விரலில் தொட்டுக்கொண்டு லேப்டாப் பக்கம் குனிந்தார். சென்னீர்குப்பத்து அம்மாவின் கதை ஏகாம்பரம் அண்ணனுக்குத் தெரியாது. நாங்கள் யாரும் சொல்லவில்லை. ஆனால் சற்று முன்புதான் திரைக்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன வட்டத்தைப் பாய் அவருக்குக் காட்டியிருந்தார். அண்ணன் சட்டென்று பாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“பாய், அந்தக் கண்ண மறைக்காம வையி. அது வழியாதான் என் பொண்ணு என்னப் பாக்கும்.”

ஏகாம்பரம் மாமா

இப்போது அடுத்த சீசன் நடந்துகொண்டிருக்கிறது. போன வாரம் மேனாம்பேட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எதைக் காட்டினாலும் மாமா வரட்டும் என்றார்கள். சரி, இன்றைக்குப் பொழுது போச்சு என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்த மாமா ஏகாம்பரம் அண்ணன். தோளில் எங்கள் கடைக்கான தண்ணீர்க் கேன். அதை இறக்கி வைத்துவிட்டு நேராக அலமாரிக்குப் போனார். கனம் எவ்வளவு என்று கையில் தூக்கிப் பார்த்தார். கேமரா எங்கே என்று கேட்டார். டெஸ்க்டாப் என்று வாயெடுத்த அந்த வீட்டுப் பெரியவரிடம், “அது வாணாம் நைனா, ஊட்லயே குந்திகினு கெடக்கும்... நம்ப கம்பெனில கீது பாரு, ஒரு எடம் நகராது” என்று முடித்துவிட்டார். நான் பில் மட்டும் போட்டேன். என் வாழ்க்கையிலேயே சுலபமாக முடிந்த வியாபாரம் அது.

அந்த நேரத்தில் அவர் ஃபோன் அடித்தது. கோயம்புத்தூர். பவித்ரா அன்றைக்குச் சொன்னபடியே தினமும் வருகிறாளாம். அண்ணன் ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, வழக்கம்போல, சாப்ட்டியா என்று ஆரம்பித்தார். அவள் சாப்பிட்டாளாம், நெல் வயலில் ஏதோ பாடம் நடந்ததாம், சேற்றில் கால் வழுக்கி விழுந்தாளாம். அண்ணன் அதைக் கேட்டு, அந்த வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். பவித்ரா கொஞ்சம் கறுத்திருந்தாள், நன்றாக இருந்தாள். என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. ஊரே மெச்சுகிற மாமாவைப் பற்றி அவளுக்கு மட்டும் ஒரு புகார் இருந்தது.

“அக்கா, தெனம் எனக்கு நெத்தி மட்டும்தான் தெரியுது, நைனாவ ஃபோனக் கீழ எறக்கச் சொல்லுங்க.”

ஓராண்டு வாரண்டி லேப்டாப்புக்கு மட்டும்தான் என்று எத்தனை தரம் சொன்னாலும் எங்கள் பக்கத்து அப்பா அம்மாக்கள் அதைப் பிள்ளைக்கும் சேர்த்தே வாங்கிக்கொண்டு போகிறார்கள், நானும் கை கூசாமல் வாரண்டி அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.